செத்தவீட்டில் ஒரு ‘போட்டு வாறன்’

முரசுமோட்டை வாழ் பெருமக்களுக்கும், அயற்கிராமத்தவர்களுக்கும், கடல் கடந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் எமது ஊர் உறவுகளுக்கும் ஆழ்ந்த பொறுப்புணர்வுடன் இத்தால் அறியத்தருவது யாதெனில்: கமக்காரர் அமைப்பின் தலைவரும், கோயில் பரிபாலன சபையின் தலைவரும், மரண உதவிச் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவரும், சங்கமே இல்லாத விடயங்களுக்குப் போசகருமான திரு. கதிர்காமநாதன் அவர்களுடைய மோட்டார் சைக்கிள் கடந்த திங்கட்கிழமை மத்தியானம் ஸ்ராட் எடுக்கவில்லை.

டிக் என்றது. அவ்வளவுதான்.

இதிலென்ன விசேசம் என்று கேட்பவர்கள் அந்த டிக்கைக் கேட்டிராதவர்கள். பக்கத்தில் நின்று கேட்ட மெக்கானிக் சஜீவன் இப்போது மத்தியானங்களில் கராச்சைப் பூட்டிவிட்டு, ஆட்கள் நிறைந்த சாப்பாட்டுக் கடையில் போய் இருக்கிறான். பசி இல்லாத நாட்களிலும்.

அன்று காலை தலைவர் போய் இறங்கியது பழனியாண்டியின் செத்தவீட்டில். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள குடியேற்றத்தில், வயலுக்குள் ஒதுங்கி நிற்கிற தகரக் கூரை வீடு. ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. படலையடியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அதில் பழனியாண்டியின் படம் ஒரு மூலையிலும், அஞ்சலி செலுத்துகிற தலைவரின் படம் நடுவிலும் இருந்தன. புளியங்குளத்திலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தலைவருக்காகவே அழத் தொடங்கி, தலைவர் உயிரோடு வந்து இறங்கியதும் கொஞ்சம் ஏமாந்து போனார்.

உண்மையில் தலைவர் அன்று அங்கே போயிருக்கக் கூடாது. வீட்டில் பச்சைப்பிள்ளை. மகள் யதுர்ஷிகா கலியாணம் கட்டி நெடுங்காலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள்; துடக்குக் கழித்துப் பெயர் வைக்கிற நாள். அந்தப் பெயரைப் பிள்ளையின் காதில் சொல்லப்போவது தாத்தாதான். அவரைப் பற்றி ஊரில் எவ்வளவோ கதை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு எவராலும் அதைச் செய்ய முடிந்ததில்லை.

மனைவி கமலாசனி காலையிலேயே சொல்லியிருந்தா. பச்சை உடம்புக்காரியும் பிள்ளையும் இருக்கிற வீடு, பேசாமல் இருங்கோ என்று. பேசாமல் இருப்பது தலைவருக்குத் தெரியாத தொழில். தான் போகாவிட்டால் அங்கே யார் உரையாற்றுவது என்று கேட்டுவிட்டு வெளிக்கிட்டார்.

பழனியாண்டிக்கும் தலைவருக்கும் இடையிலிருந்த தொடர்பு ஒரு மதகு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து தகப்பனின் தோளில் இருந்து வந்தவர் பழனியாண்டி. வந்த நாள் தொட்டுக் கொத்தி, விதைத்து, இருந்த நிலத்துக்கு உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. காணிக் கந்தோருக்குத் தனியே போனால் வாசற்காவலாளியைத் தாண்ட முடியாது. தலைவர் கூடப் போனால் அலுவல் நடக்கும். “வாற திங்கள் மதகடியில நில், நானே வந்து ஏத்துறன்” என்று தலைவர் சொன்னார். திங்கட்கிழமைதான் கந்தோரில் பொதுமக்கள் நாள்.

பழனியாண்டி நின்றார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையோடு, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, திங்களுக்குத் திங்கள் நின்றார். தலைவரின் மோட்டார் சைக்கிள் ஏதாவது ஒரு கூட்டத்துக்கு அந்த வழியால் போகும். தலைவர் ஒரு கையை உயர்த்தி, இன்றைக்கில்லை என்பதுபோல அசைப்பார். பழனியாண்டி நாக்கை மேலண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடப்பார். அதற்கு மேல் அவர் ஒரு குறையும் சொன்னதில்லை.

செத்ததற்கு முந்திய திங்களும் மதகடியில்தான் நின்றார். வெயிலில் நின்றவர் நின்றபடியே சரிந்தார். தூக்க வந்தவர்கள் கண்டது, வாய்க்கால் தண்ணீரில் விரிந்தபடி மிதந்த குடையை. ஆஸ்பத்திரியில் கிடந்து சனிக்கிழமை முடிந்துபோனார்.

செத்தவீட்டில் தலைவர் ஆற்றிய உரையின் உச்சக்கட்டம் இது: “அன்பின் பழனியாண்டியே, உன்னை என் சொந்த வாகனத்திலேயே ஏற்றிச் சென்று உன் காணிப் பிரச்சினையைத் தீர்ப்பதென நான் உறுதி பூண்டிருந்தேன். காலன் முந்திவிட்டான்.”

ஸ்பீக்கரில் இந்த வசனம் வயல் தாண்டிப் போய், எங்கோ பட்டுத் திரும்பி வந்தது. காலன் தாமதித்திருந்தாலும் தலைவர் போயிருக்க மாட்டார் என்பது கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குள் படுத்திருந்தவருக்கும்.

பிரேதம் வெளிக்கிட்டது. பறை முன்னே போக, ஆண்கள் பின்னே போனார்கள். பச்சைப்பிள்ளை உள்ள வீட்டுக்காரர் சுடலைக்கு வரக்கூடாது என்ற சாட்டில் தலைவர் கழன்றுகொண்டார். பந்தலுக்குள் பெண்கள் மட்டும். நடுவில் பழனியாண்டியின் மனைவி பேச்சியம்மா. அவவுக்குப் பின்னால் மாலை போட்ட படம்.

தலைவர் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார். ஆயிரம் மேடைகளிலிருந்து இறங்கிப் பழகிய வாய். அது தன்பாட்டில் சொன்னது:

“அப்ப நான் போட்டு வாறன்.”

ஒப்பாரி நடுவில் அறுந்தது.

செத்தவீட்டில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. இருந்தவர் எழும்புவார், ஒன்றும் பேசாமல் போவார், திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கே போனாலும் ‘போய் வாறன்’ என்று சொல்லிக்கொண்டு போகிற சனம், அந்த ஒரு வாசலில் மட்டும் வாயைக் கட்டிக்கொள்ளும். போனவர் இன்னும் தூரம் போயிருக்க மாட்டார்; சொன்னதைப் பிடித்துக்கொள்வார். பந்தலில் இருந்த ஒரு பெண் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினாள். பேச்சியம்மா மட்டும் மெல்லத் தலையாட்டினா, சரி என்பதுபோல.

தலைவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. ஒழுங்கையில் பாலை மரத்தடியில் நின்ற மோட்டார் சைக்கிளில் ஏறினார். புது மொடல். உதைத்து ஸ்ராட் பண்ணுகிற மிதியெல்லாம் பழைய காலத்துச் சங்கதி என்று, பொத்தானை மட்டும் நம்பிச் செய்யப்பட்டது. பொத்தானை அமத்தினார்.

டிக்.

திரும்ப அமத்தினார்.

டிக்.

பறைச் சத்தம் தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. வெயில் தலைக்கு நேர் மேலே. வயலில் ஒரு கொக்குக்கூட இல்லை. சாம்பிராணிப் புகை பந்தலை விட்டு வெளியே வந்து, காற்றில்லாதபடியால் போக வழி தெரியாமல் மோட்டார் சைக்கிளைச் சுற்றி நின்றது.

எல்லோருக்கும் பின்னால் சுடலைக்குப் போகவிருந்த சஜீவனைத் தலைவர் கூப்பிட்டு நிறுத்தினார். சஜீவன் மெக்கானிக். போனில் வீடியோ பார்த்துப் பாதியும், ஆட்களின் வண்டியைக் கழற்றிப் பார்த்து மீதியும் படித்தவன். தெரியாது என்ற சொல்லை அவனும் தலைவரைப் போலவே பாவிப்பதில்லை.

டிக் என்றால் பற்றறி வீக், குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும் என்றான். லைற்றைப் போட்டுப் பார்த்தான். நட்ட நடு வெயிலிலும் கண்ணைக் கூசியது. கோர்னை அடித்தான். பந்தலில் இருந்த பெண்கள் துள்ளித் திரும்பினார்கள். பற்றறி நல்ல பலமாக இருந்தது.

“நான் அப்பவே நினைச்சனான்” என்றான் சஜீவன், கூச்சமில்லாமல். “பற்றறி இல்லைத் தலைவர், ரிலே.”

சீற்றைக் கழற்றினான். ரிலே என்பது உள்ளே இருக்கிற சின்னப் பெட்டி. பொத்தானை அமத்தினால் பற்றறியின் பலத்தை ஸ்ராட்டர் மோட்டருக்குத் திறந்துவிடுவது அதன் வேலை. திறக்கும்போது எழுகிற சத்தம்தான் டிக். சஜீவன் ரிலேயில் விரலை வைத்துக்கொண்டு தலைவரை அமத்தச் சொன்னான்.

டிக்.

சஜீவன் விரலை எடுத்துப் பார்த்தான். திரும்ப வைத்தான். திரும்ப அமத்தச் சொன்னான்.

டிக்.

“ரிலே அடிக்கேல்லை” என்றான். குரல் இறங்கியிருந்தது. “விரலுக்கு ஒண்டும் தெரியேல்லைத் தலைவர்.”

“அப்ப என்னடாப்பா அடிக்குது?”

சஜீவன் ஸ்குறூ ட்றைவரை எடுத்து ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒன்றாக்கினான். பற்றறியிலிருந்து மோட்டருக்கு நேர் வழி. பொறி பறக்க வேண்டும், மோட்டர் சுற்ற வேண்டும். பொறி பறக்கவில்லை. மோட்டர் சுற்றவில்லை. சத்தம் மட்டும் வந்தது. ரிலேயிலிருந்து அல்ல. அவனுடைய காதுக்குப் பக்கத்திலிருந்து, ஆள் உயரத்தில்.

இரும்பு இரும்பில் தட்டுகிற சத்தம் இல்லை அது. ஈரமான சத்தம்.

அந்த நேரம் பார்த்துக் கமலாசனி போன் எடுத்து, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டா. தலைவர் ஒரு முக்கிய கலந்துரையாடலில் நிற்பதாகச் சொன்னார். பிள்ளை காலையிலிருந்து பால் குடிக்காமல் வாசல் பக்கமே பார்த்து அழுவதாக அவ சொன்னா. தலைவர் போனை வைத்துவிட்டு, கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“தள்ளி எடுப்பம்” என்றான் சஜீவன், சீற்றைப் பூட்டிக்கொண்டு. ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரையும் துணைக்குக் கூப்பிட்டான். இரண்டு பேரும் பின்னால் கைகொடுத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். மோட்டார் சைக்கிள் அசையவில்லை.

“தலைவர், முதல்ல இறங்குங்கோ” என்றான் சஜீவன் குனிந்தபடியே.

“நான் இறங்கித்தானே நிக்கிறன்.”

சஜீவன் நிமிர்ந்தான். தலைவர் வேலி ஓரமாக, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மோட்டார் சைக்கிளில் எவரும் இல்லை. ஆனால் பின் ஸ்பிறிங் இரண்டும் அமுங்கியிருந்தன. பின் ரயர் பாரம் ஏற்றியதுபோலப் பிதுங்கி நின்றது. பின்னால் இருப்பவர் கால் வைக்கிற மிதிகள், தலைவர் எந்நேரமும் மடித்தே வைத்திருக்கிற மிதிகள், இரண்டு பக்கமும் விரிந்திருந்தன.

ஸ்பீக்கர்காரர் வயரைப் பாதியில் போட்டுவிட்டுச் சுடலைப் பக்கமாக நடந்தார். நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத வேகம்.

சஜீவன் காலால் மிதியைத் தட்டி மடித்தான்.

அது விரிந்தது. மெதுவாக.

தலைவர் தொண்டையைச் செருமினார். இது ஸ்பிறிங்கின் பிழையாக இருக்கும், இந்தக் காலத்தில் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை, இதுபற்றித் தான் ஒரு கண்டன அறிக்கை வெளியிடவேண்டியிருக்கும் என்றார். சஜீவன் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். பக்க மூடியைத் திறந்து பற்றறியையே கழற்றி எடுத்தான். கரண்டே இல்லாத வண்டி எப்படிச் சத்தம் போடும் பார்ப்போம் என்று.

பற்றறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

ஒரு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டிக்.

டிக்.

டிக்.

காத்து நின்று அலுத்துப்போன மனுசனின் சத்தம்.

அப்போதுதான் பந்தலுக்குள்ளிருந்து பேச்சியம்மா எழும்பி வந்தா. புருசன் போன வீட்டை விட்டு அன்றைக்கு வெளியே வரக்கூடாதவ. மற்றப் பெண்கள் கையைப் பிடித்தும் நிற்காமல் படலைவரை வந்தா. கையில் கறுப்புக் குடை. வாய்க்காலில் எடுத்த குடையைக் கொடியில் போட்டு ஒரு கிழமையாகக் காயவிட்டு, சுருக்கிக் கட்டியிருந்தா.

“அவரு நாக்கு தட்டுறாரு ஐயா” என்றா, சின்னக் குரலில். “நேரமாயிட்டா அப்படித்தான் தட்டுவாரு.”

தலைவர் குடையைப் பார்த்தார்.

“நீங்கதான ஏத்திக்கிட்டுப் போறேன்னீங்க. வர்றேன்னும் சொல்லிட்டீங்க. ஏறி ஒக்காந்துட்டாரு.” குடையைப் பின்சீற்றுக் கம்பியில் கொளுவினா. “வெயிலுக்கு இது இல்லாம போகமாட்டாரு. பாத்துப் போங்க.”

அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. புருசனைக் கந்தோருக்கு அனுப்பிவைக்கிற பெண்ணின் குரல். அவ திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனா.

தலைவர் ஏறினார். ஏன் ஏறினார் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவர் சரியான மறுமொழி சொல்லவில்லை. ஏறாமல் விட்டிருந்தால் அந்தச் சத்தத்தோடு அங்கேயே நிற்க வேண்டும். அதுதான் காரணமாக இருக்கும். பெருவிரலைப் பொத்தானில் வைத்தார். அமத்தினாரா என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை.

என்ஜின் ஒரே தட்டில் ஸ்ராட் எடுத்தது.

பற்றறி சஜீவனின் கையில் இருந்தது.

ஒழுங்கை தாண்டி, வாய்க்கால் ஓரமாக ஓடி, மதகு வந்தது. மதகில் எவரும் நிற்கவில்லை. இத்தனை காலத்தில் அது முதல் தரம். தலைவர் நேரே பார்த்து ஓட்டினார். கண்ணாடி இரண்டையும் வெளிப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார். மத்தியான வெயில் தார் றோட்டில் அலையடித்தது. ஆனால் அவருடைய தலையில் வெயில் படவில்லை. அதை முதலில் நல்லது என்றுதான் நினைத்தார். பிறகு றோட்டைக் குனிந்து பார்த்தார்.

மோட்டார் சைக்கிளின் நிழலுக்கு மேலே, வட்டமாக, விளிம்பில் கம்பி கம்பியாக, இன்னொரு நிழல் கூடவே வந்தது.

பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. குளிர்ந்த தண்ணீர். சேற்று மணம்.

வீட்டு வாசலில் கமலாசனி மஞ்சள் தண்ணீர் வாளியோடு நின்றா. செத்தவீட்டால் வருகிற மனுசனை வெளியிலேயே குளிப்பாட்டி எடுக்க வேண்டும் என்று நின்றவ, தூரத்தில் வருவதைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுக் கேற்றை இழுத்துச் சாத்தினா. உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது. மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வர, அழுகை திடீரென்று நின்றது. அழுது முடித்த பிள்ளையின் அமைதி மாதிரி அது இல்லை. பயந்து மூச்சை அடக்கியது போல இருந்தது.

“ஆரை ஏத்திக்கொண்டு வாறியள்?” என்றா கமலாசனி, கேற்றுக்கு உள்ளிருந்து.

“ஒருத்தரும் இல்லையப்பா.”

“அந்த றோட்டுத் தொங்கலில வரேக்கயே கண்டனான். உங்களுக்கும் சேர்த்துக் குடை பிடிச்சுக்கொண்டு வந்த மனிசன் ஆர்?”

தலைவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினார். நடந்ததைச் சொன்னார். எத்தனை திங்கள் ஏமாற்றினார் என்பதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கமலாசனி கேற்றின் கொழுக்கியில் பூட்டைப் போட்டா.

“இந்த வாசலில இறக்காதேங்கோ. உள்ள பச்சைப்பிள்ளை” என்றா. “அந்தாளின்ர அலுவலை முடிச்சு, அங்கயே இறக்கிப்போட்டு வாங்கோ. அதுவரைக்கும் இந்தக் கேற் திறபடாது. வெள்ளிக்கிழமை எண்டாலும் திறபடாது.”

“அப்ப பேர்? நான்தானே காதில சொல்லுறது?”

“அலுவலை முடிச்சால் நீங்கள் சொல்லுவியள்.”

யன்னலுக்குள்ளே யதுர்ஷிகா பிள்ளையை நெஞ்சோடு அமத்திக்கொண்டு நின்றாள். துணிக்குள்ளிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீண்டு, எதையோ பிடிக்கத் தேடியது. தலைவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடரியில் இன்னொரு சொட்டு விழுந்தது.

மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

காணிக் கந்தோர் வாசலுக்கு வந்ததும் என்ஜின் தானாக நின்றது. பின் ஸ்பிறிங் இரண்டும் பெருமூச்சுப் போன்ற ஒரு சத்தத்தோடு மேலே எழும்பின. பாரம் இறங்கிவிட்டது. தலைவர் பின்னால் கையை விட்டுத் தடவினார். சீற் ஈரமாக இருந்தது. கம்பியில் குடை இல்லை.

இறக்கியாயிற்று, ஓடிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்ததாம். பொத்தானை அமத்தினார். இந்த முறை டிக்கும் இல்லை. அலுவலை முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போது நன்றாக விளங்கியது. படியேறினார். கூடத்தில் மின்விசிறி கறகறவென்று சுற்றியது. சாப்பாட்டு நேரம் கிட்டியிருந்ததால் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கிளாக்கர் பிள்ளை தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தா. தலைவர் தன்னுடைய பதவி ஒன்றையும் சொல்லவில்லை. கை கட்டி நின்றார்.

“தங்கச்சி, பழனியாண்டியின்ர காணி அலுவல். வாய்க்கால் குடியேற்றம்.”

“விண்ணப்பகாரர் நேரில வரவேணும் ஐயா” என்றா அந்தப் பிள்ளை, தலை நிமிராமல்.

அவர் செத்துப்போனார், இந்நேரம் சுடலையில் எரிகிறார் என்று சொல்லத் தலைவர் வாயெடுத்தார்.

அவருக்குப் பின்னால், காதுக்கு மிகக் கிட்டவாக, நாக்கு ஒரு தட்டுத் தட்டியது.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தா. தலைவரை அல்ல, அவருடைய தோளுக்கு மேலால்.

“ஓ, வந்திருக்கிறார்தானே” என்றா. “குடையை வெளியில வைக்கச் சொல்லுங்கோ ஐயா, நிலமெல்லாம் தண்ணி.”

உரிய அலுவலர் அன்று லீவு என்றும், அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரையும் வரும்படியும் சொல்லி அனுப்பினார்கள்.